நிக்கலின் பிடி

க்ளவ் பாக்ஸுக்குள் கைவிட்டு வேலைசெய்தவர்களிடம் கேட்டால் முதலில் வியர்வையைப் பற்றித்தான் சொல்வார்கள். கண்ணாடிச் சுவரில் பொருத்திய இரண்டு தடித்த ரப்பர் கைகள். தோள்வரை உள்ளே நுழைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பக்கம் ஆர்கான், இந்தப் பக்கம் நாம். அரைமணி நேரத்தில் விரல்நுனி ஊறி வெளுத்துவிடும். பதினைந்து மில்லிகிராம் பொடியை ஸ்பேட்டுலா நுனியில் அள்ளித் தராசில் தட்டுவது, போர்வைக்குள் இருந்துகொண்டு ஊசியில் நூல் கோர்ப்பதுபோல் இருக்கும்.

நான் அள்ளவேண்டியிருந்த பொடியை எங்கள் ஆய்வகத்தில் ‘நிக்கல் காட்’ என்பார்கள். நடுவில் ஒரு நிக்கல் அணு; அதை மேலும் கீழும் அணைத்தபடி எட்டுக் கார்பன் வளையங்கள் இரண்டு. அவ்வளவுதான் மூலக்கூறு. சாமந்தி இதழைக் காயவைத்துப் பொடித்த மாதிரி மஞ்சள். பெட்டிக்குள்ளேயே இருக்கும் குட்டி ஃப்ரீசரில், பழுப்புக் குப்பியில் அது கிடக்கும். சேர்ந்த புதிதில் ஒருநாள் கொஞ்சம் நிறுத்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூடி சரியாக இறுகவில்லை. டொலுவீன் ஊற்றப் போவதற்குள் மஞ்சள் மங்கியது. ஓரத்தில் கறுப்பு படர்ந்தது. சீனியர் எட்டிப் பார்த்தார். “போச்சு. காத்து தின்னுடுச்சு. கொட்டிட்டு மறுபடி உள்ள போ” என்றார். வைவதற்குக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எல்லாரும் ஒருமுறை செய்கிற தப்பு போலிருக்கிறது.

அன்றைக்கு எனக்கு அந்த உலோகத்தின் மேல்தான் கோபம். வீட்டு எவர்சில்வர் டம்ளரில் நூற்றுக்கு எட்டுப் பங்குபோல நிக்கல் இருக்கிறது. குரோமியத்தின் துணையோடு எத்தனை வருஷத்துப் புளிக்கும் உப்புக்கும் அது அசைந்து கொடுப்பதில்லை. கூட்டமாக இருக்கும்போது இவ்வளவு உறுதி. கூட்டத்திலிருந்து பிரித்து ஒற்றை அணுவாக நிறுத்தினால் மூச்சுக்காற்றுக்கே கறுத்துவிடுகிறது. ஆனால் அந்த ஒற்றை அணுவுக்குத்தான் வேலை தெரியும் என்பது பிறகுதான் புரிந்தது.

பெயரே வசவாகப் பிறந்தது. ஜெர்மனியின் சாக்சனி மலைகளில் சுரங்கம் வெட்டியவர்களுக்குச் செம்பைப் போலவே சிவந்த ஒரு தாது கிடைத்தது. உருக்கினால் செம்பு வராது. அதிலிருந்த ஆர்சனிக்கின் புகை மட்டும் வரும். குட்டிச்சாத்தான் செம்பைத் திருடிக்கொண்டு போய்விட்டது என்று நினைத்து, ‘செம்புச் சாத்தான்’ என்ற பொருளில் தாதுவுக்குப் பெயர் வைத்தார்கள். 1751இல் சுவீடனின் க்ரோன்ஸ்டெட் அதற்குள் புதிய உலோகம் இருப்பதைக் கண்டுபிடித்தபோது, செம்பை வெட்டிவிட்டு ‘நிக்கல்’ என்ற சாத்தானை மட்டும் மிச்சம் வைத்தார்.

கார்பனையும் கார்பனையும் இணைப்பதுதான் கரிம வேதியியலின் நித்தியப் பிரச்சினை. மாத்திரைக்குள் இருக்கும் மூலக்கூறானாலும் தொலைக்காட்சித் திரைக்குள் இருக்கும் திரவப் படிகமானாலும், எங்கோ ஒரு பென்சீன் வளையத்தை இன்னொன்றோடு கோத்தாக வேண்டும். கோக்கவேண்டிய இரண்டும் சும்மா நிற்பதில்லை. ஒன்று புரோமினின் கையைப் பிடித்திருக்கிறது, மற்றது மக்னீசியத்தின் கையை. இரண்டையும் ஒரே குடுவையில் போட்டுக் காத்திருந்தால் பெரும்பாலும் காத்திருந்ததுதான் மிச்சம். சேர்ப்பதற்கு முன் பிரிக்க வேண்டும். பிரித்ததைக் கொஞ்ச நேரம் யாராவது கையில் வைத்திருக்க வேண்டும்.

நிக்கல் செய்வது இதைத்தான். கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் இரு கையால் பிடித்துக்கொள்கிறது. பாடநூலில் இதற்கு ஆக்சிஜனேற்றச் சேர்க்கை என்று பெயர். ஆக்சிஜன் எங்கே வந்தது என்று கேட்காத மாணவர் இல்லை. அடுத்து மக்னீசியம் தன்னிடமிருந்த கார்பனைக் கொடுத்துவிட்டுப் புரோமினை வாங்கிக்கொள்கிறது. இப்போது நிக்கலின் இரண்டு கையிலும் கார்பன். கடைசியாக இரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்து விட்டுவிட வேண்டும். இதற்கு ஒடுக்க நீக்கம் என்று பெயர். விட்டபின் வெறுங்கையோடு அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

வரைபடத்தில் வட்டமாக அம்புக்குறி போட்டுக் காட்டும்போது இந்த மூன்று படிகளும் ஒரே எடையில் தெரியும். அப்படியில்லை. நிக்கலுக்குப் பிடிப்பது எளிது. எலக்ட்ரானைத் தாராளமாகக் கொடுக்கிற உலோகம் அது. பல்லேடியம் தயங்குகிற பிணைப்பிலும் சட்டென்று புகுந்துவிடும். விடுவதுதான் அதற்குச் சிரமம். இந்தச் சிரமத்தை ஒருவர் கண்ணால் பார்த்த கதைதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்தது.

1960களின் நடுவில் ஜப்பானில் அகியோ யமமோட்டோவும் அவரோடு வேலைசெய்தவர்களும் ஒரு கரும்பச்சைப் படிகத்தைப் பிரித்தெடுத்தார்கள். நிக்கல்மேல் பைபிரிடின் என்ற ஈந்தணைவி (உலோகத்தோடு ஒட்டி நிற்கும் துணை மூலக்கூறு) ஒன்று, இரண்டு எத்தில் தொகுதிகள். இரண்டு கையிலும் இரண்டிரண்டு கார்பன். சேர்த்து விட்டால் நான்கு கார்பன் கொண்ட பியூட்டேன். விடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குடுவையில் போட்டு வைக்கும் அளவுக்கு நிதானமாக இருந்தது அந்தச் சேர்மம். பிறகு அக்ரிலோநைட்ரைல் போன்ற, எலக்ட்ரானுக்கு ஏங்குகிற ஒரு மூலக்கூறை அருகில் கொண்டுவந்தார்கள். அது நிக்கலிடம் வந்து ஒட்டியது; நிக்கலின் எலக்ட்ரான் செறிவு அந்தப் பக்கம் சாய்ந்தது. உடனே எத்தில்கள் இரண்டும் ஒன்றாகிப் பியூட்டேனாக வெளியேறின. மூன்றாமவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் கை தளர்ந்தது.

1970வாக்கில் அதே படிகத்தோடு குளோரோபென்சீனைச் சேர்த்துப் பார்த்தார்கள். பியூட்டேன் வெளியேறியது. காலியான நிக்கல் சும்மா இருக்கவில்லை. குளோரோபென்சீனின் பிணைப்புக்குள் புகுந்து, ஒரு கையில் பென்சீன் வளையத்தையும் மறு கையில் குளோரினையும் பிடித்துக்கொண்டு நின்றது. ஒன்றை விட்டதும் இன்னொன்றைப் பிடித்தது.

கியோத்தோவில் மகோட்டோ குமாடா இதைச் சரியாகப் படித்தார். படித்த பலரில் அவருக்கும் கோஹெய் தமாவோவுக்கும்தான், இங்கே ஒரு வட்டம் ஒளிந்திருக்கிறது என்று பட்டது. விட்டு, பிடித்து நிற்கிற நிக்கலிடம் மக்னீசியம் வழியாக இன்னொரு கார்பனைக் கொடுத்தால் மறுபடி இரண்டு கையும் நிறையும், மறுபடி விடும். 1972இல் பாஸ்பீன் ஈந்தணைவிகள் பூட்டிய நிக்கலைத் துளியளவு போட்டு இந்த வட்டத்தை ஓட்டிக் காட்டினார்கள். அதே ஆண்டு பிரான்சில் ராபர்ட் கொரியூவும் ஜான்-பியேர் மாஸும் தனியாக இதையே கண்டார்கள். அவர்கள் செய்து காட்டிய பொருள்களில் ஒன்று ஸ்டில்பீன். அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும். குமாடாவும் சரி கொரியூவும் சரி, அடிப்படையில் சிலிக்கான் வேதியியலாளர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் நம் வீட்டுக் கூரையின் ஓட்டை தெரிகிறது.

பிறகு பல்லேடியம் வந்தது. எய்-இச்சி நெகிஷியின் முதல் இணைப்பும் 1976இல் நிக்கலில்தான். பல்லேடியத்தில் பொருள் இன்னும் சுத்தமாக வருகிறது என்று பார்த்துவிட்டு மாறிக்கொண்டார். அவர் செய்தது நியாயமே. பல்லேடியம் நாகரிகமான உலோகம். பெரும்பாலும் இரண்டிரண்டு எலக்ட்ரானாகக் கணக்கு வைத்துக்கொள்ளும். பிடித்ததை நேரத்துக்கு விடும். காற்றுபட்டாலும் பல சமயம் பொறுத்துப்போகும். நிக்கலோ ஒற்றை எலக்ட்ரானாகவும் கொடுக்கும், ஒன்று மூன்று என்று ஒற்றைப்படை நிலைகளிலும் நிற்கும், நடுவழியில் தனி எலக்ட்ரான் துகள்களை அவிழ்த்துவிட்டு எதிர்பாராத பொருளைக் கையில் கொடுக்கும். 2010இன் நோபல் ஹெக், நெகிஷி, சுசுகி மூவருக்கும் வந்தபோது அறிவிப்பிலேயே பல்லேடியத்தின் பெயர் எழுதியிருந்தது. குமாடா 2007இலேயே காலமாகிவிட்டார். இருந்திருந்தால் கிடைத்திருக்குமா என்ற கேள்வியில் எனக்கு அக்கறையில்லை. வட்டத்தின் முதல் சுற்று எந்த உலோகத்தில் ஓடியது என்பதைப் பாடநூல்கள் அடிக்குறிப்பில் தள்ளுவதுதான் உறுத்துகிறது.

பல்லேடியத்தின் விலை 2019வாக்கில் தங்கத்தைத் தாண்டியது. அதன்பின் நிக்கலைப் பற்றி எழுதும் ஆய்வுக் கட்டுரைகளெல்லாம் ‘மலிவான, மிகுதியாகக் கிடைக்கும்’ என்று தொடங்குகின்றன. எனக்கு இது அலுப்பு. உலோகம் மலிவு, சரி. அதோடு போடுகிற ஈந்தணைவியின் விலை பெரும்பாலும் உலோகத்தை விழுங்கிவிடும். பல்லேடியம் துளி போதுமென்ற இடத்தில் நிக்கலை நூற்றுக்கு ஐந்து பத்து என்று அள்ளிப் போடவேண்டி வரும். கவரிங் தோடு போட்டுக் காது புண்ணானவர்கள் அதைச் சாதுவான உலோகம் என்றும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நிக்கலைத் தேடிப்போக வேறு காரணம் உண்டு. மற்றவை தொடாத பிணைப்பை அது தொடும்.

சோம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாசனைக்குப் பெயர் அனெத்தோல். அதற்குள் ஒரு பென்சீன் வளையம். வளையத்தின் ஓரத்தில் ஓர் ஆக்சிஜன், ஆக்சிஜனுக்கு அப்பால் ஒரு மெத்தில். கிராம்பின் யூஜெனாலிலும் வனிலாவின் வனிலினிலும் இதே அமைப்பு. வளையத்துக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவிலுள்ள பிணைப்பு எண்ணெயில் பொரிந்தும் பிரியாணி அண்டாவில் வெந்தும் உடைவதில்லை. ஒரு மோலுக்குச் சுமார் நூறு கிலோகலோரி கொடுத்தால்தான் பிரியும். வளையத்தில் ஒட்டிய அயோடினைப் பிரிக்க அறுபத்தைந்து போதும். ஆகவே ஆக்சிஜனும் மெத்திலும் சேர்ந்த இந்த மெத்தாக்சியை யாரும் இணைப்பு நடக்கும் இடமாக நினைக்கவில்லை. அது மூலக்கூறின் ஓரத்தில் நிற்கும் அலங்காரம்.

1979இல் எர்னஸ்ட் வெங்கெர்ட்டின் குழு நிக்கலைக்கொண்டு அந்த அலங்காரத்தைக் கழற்றி, அதன் இடத்தில் கார்பனைப் பொருத்தியது. கட்டுரை வந்தது. படித்தவர்கள் படித்தார்கள். பிறகு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டு பெரிய சத்தமில்லை. புரோமினும் அயோடினும் இருக்கும்போது இதற்கென்ன அவசரம் என்று விட்டிருப்பார்கள். 2004வாக்கில் டாங்க்வார்ட் அதை மறுபடி எடுத்தார்; 2008இல் ஒசாகாவில் தோபிசுவும் சதானியும் மக்னீசியத்துக்குப் பதில் சாதுவான போரான் சேர்மங்களோடு அதைச் செய்துகாட்டினார்கள். 2011இல் செர்கேயெவும் ஹார்ட்விக்கும் நிக்கலையும் ஹைட்ரஜனையும் வைத்து, வளையத்தைக் கெடுக்காமல் ஈத்தர் எனப்படும் இந்தக் கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பை மட்டும் வெட்டினார்கள். மரத்துக்கு விறைப்பைத் தரும் லிக்னின் அப்படிப்பட்ட ஈத்தர் முடிச்சுகளால் ஆனது என்பதால், இப்போது அந்த முடிச்சில் ஆர்வம் கூடியிருக்கிறது.

அமைடு இன்னும் பிடிவாதம். நம் தோல், பட்டு, நைலான் எல்லாவற்றையும் கோத்திருக்கும் கார்பன்–நைட்ரஜன் பிணைப்பு அது. நடுநிலைத் தண்ணீரில், அறை வெப்பத்தில், புரதத்தின் அந்தப் பிணைப்புகளில் பாதி தானாக உடைய நூற்றாண்டுகள் ஆகும். இல்லாவிட்டால் மழையில் நனைந்தவர்கள் கரைந்துபோயிருப்பார்கள். 2015இல் கலிபோர்னியாவின் நீல் கார்க் குழு நிக்கலை அதற்குள் நுழைத்தது. ஆல்கஹாலைக் கொடுத்து அமைடை எஸ்டராக மாற்றியது. எல்லா அமைடையும் அது வெட்டாது. வளையம் ஒட்டிய, நைட்ரஜன்மேல் குறிப்பிட்ட தொகுதிகள் கொண்ட சிலவற்றைத்தான். கையுறை கிழிந்திருந்தாலும் என் தோலின் புரதத்தை அந்த மஞ்சள் பொடி நறுக்கியிருக்காது. அங்கேயும் வினையைத் தொடங்க எடுத்தது என் பழைய நிக்கல் காட்தான்.

நைலான் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1970களின் தொடக்கத்திலிருந்து டூபாண்ட் நிறுவனம் நைலானுக்கான மூலப்பொருளைப் பியூட்டாடையீனோடு ஹைட்ரஜன் சயனைடைச் சேர்த்துச் செய்தது. வினையூக்கி நிக்கல். சேரும்போது சயனைடின் ஒரு பகுதி சங்கிலியின் நுனியில் ஒட்டாமல் நடுவில் ஒட்டிவிடும். அதை வீணென்று கழிப்பதில்லை. நிக்கல் அந்தக் கார்பன்–கார்பன் பிணைப்பைப் பிரித்து, நுனிக்குக் கொண்டுபோய்த் திரும்ப ஒட்டுகிறது. இடம் மாறித் தைத்த கையைப் பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுக்கும் தையற்காரர்போல. ஆய்வகத்தில் நாங்கள் மில்லிகிராமில் வியர்த்துக்கொண்டிருந்த பிணைப்புப் பிளவு, தொழிற்சாலையில் டன் கணக்கில் பல வருஷமாக நடந்துகொண்டிருந்தது.

நிக்கல் எப்போதும் விடாப்பிடி என்றும் சொல்லிவிட முடியாது. ஜெர்மனியின் ம்யூல்ஹைமில், நிலக்கரி ஆய்வுக்கான நிறுவனத்தில், கார்ல் ஸீக்லர் எத்திலீனை அலுமினியத்தின்மேல் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சங்கிலி வளர்த்துக்கொண்டிருந்தார். 1953வாக்கில் அவருடைய மாணவர் ஹோல்ட்ஸ்காம்பின் உலையில் சங்கிலி வளரவே மறுத்தது. இரண்டு எத்திலீன் சேர்ந்ததும் பியூட்டீனாகக் கழன்று விழுந்தது, அவ்வளவுதான். தேடித் தேடிப் பார்த்ததில், உலையைக் கழுவியபோது எஃகுச் சுவரிலிருந்து கிளம்பித் தங்கிய நிக்கல் துணுக்குகள் அகப்பட்டன. நம் எவர்சில்வரின் உறவு எஃகுதான் அது. இங்கே நிக்கல் சீக்கிரம் விட்டுவிட்டது. அப்படியானால் விடாத உலோகம் எது என்று மேசைமேல் உப்புகளை வரிசையாக வைத்துத் தேடியபோது சிர்க்கோனியமும் டைட்டேனியமும் கிடைத்தன. குறைந்த அழுத்தத்தில் செய்யும் பாலித்தீன் அங்கிருந்து வந்தது, 1963இல் நோபலும்.

அதே ம்யூல்ஹைமில்தான் 1960இல் குந்தர் வில்க்கே நிக்கல் காட்டைச் செய்தார். வளையங்கள் இரண்டும் நிக்கலை இலேசாகத்தான் தொட்டிருக்கும். வேறு ஏதேனும் வந்தால் வழிவிட்டு விலகிக்கொள்ளும். அதனாலேயே அந்தச் சேர்மத்தை ‘அம்மண நிக்கல்’ என்ற பொருளில் அழைத்தார். காற்றுக்கு அது ஏன் அப்படி அஞ்சியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கார்க்கின் ஆட்கள் 2016இல் அதை மெழுகுக் குப்பிக்குள் அடைத்து, மேசைமேலிருந்தே குடுவையில் போடும்படி செய்தார்கள். சூட்டில் மெழுகு உருகும்போதுதான் உள்ளே இருப்பது வெளியே வரும். 2020இல் ம்யூல்ஹைமிலேயே கொர்னேயாவின் குழு மூன்று ஸ்டில்பீன்களைச் சுற்றிக் கட்டி, காற்றில் தாங்கும் நிக்கலைச் செய்தது. கொரியூ 1972இல் நிக்கலைக்கொண்டு பின்னிய அதே வகை மூலக்கூறு, இப்போது நிக்கலுக்கே சட்டையாகியிருக்கிறது. எனக்குப் பின்னால் வந்தவர்களுக்குக் கை வியர்க்க வேண்டியதில்லை.

மன்னார்குடிப் பக்கம் எங்கள் வயலில் நிக்கலைப் பார்த்தேன் என்று சொன்னால் பெரியப்பா சிரிப்பார். குறுவை நட்டு மூன்று வாரம். தண்ணீர் கட்டிய சேற்றில் காலை வைத்ததும் கணுக்காலைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின, சின்னச் சின்னதாக, வரிசையாக. அத்தனையும் மீத்தேன் என்று சொல்ல முடியாவிட்டாலும் மீத்தேன் அதில் உண்டு. சேற்றுக்குள் காற்றில்லாத ஆழத்தில் வாழும் நுண்ணுயிர்கள் அதைச் செய்கின்றன. அவற்றின் நொதிக்குள் ஒரு வளையம். வளையத்தின் நடுவில் ஒற்றை நிக்கல். எஃப்430 என்று அதற்குப் பெயர். பிரித்தெடுத்தால் மஞ்சள்.

அது உடைப்பது ஒரு கார்பன்–கந்தகப் பிணைப்பை. 2016இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிடைத்த ஆதாரத்தின்படி, நிக்கல் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. மெத்திலைத் தனி எலக்ட்ரானோடு விட்டுவிடுகிறது. அது பக்கத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனை வாங்கி மீத்தேனாகிக் குமிழியில் ஏறுகிறது. ஒற்றை எலக்ட்ரான், ஒற்றைப்படை நிலை: ஆய்வகத்தில் நாங்கள் நிக்கலின் துஷ்டத்தனம் என்று சலித்துக்கொண்டதெல்லாம் இங்கே வேலைமுறை. இந்த வகை உயிர்களிடம் இன்னொரு நொதியும் உண்டு. அதன் நிக்கல் ஒரு மெத்திலையும் ஒரு கார்பன் மோனாக்சைடையும் பிடித்து, கார்பனைக் கார்பனோடு இணைக்கிறது. கியோத்தோவுக்கு எத்தனையோ கோடி ஆண்டு முன்பே ஓடிக்கொண்டிருக்கும் வட்டம்.

அந்த நிக்கலுக்கும் ஆக்சிஜன் ஆகாது. தண்ணீர் நிறுத்திய வயல், ஆர்கான் இல்லாத க்ளவ் பாக்ஸ்.

பெரியப்பா வரப்பில் குந்தி, வடியவிட்ட பக்கத்துப் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முன்னெல்லாம் எப்பவும் தண்ணி நிக்கணும்னு நெனப்போம். இப்ப காய்ச்சலும் பாய்ச்சலும்தான். வேர் மூச்சு விடும்ல?” என்றார். அங்கே நீர் வற்றி மூன்று நாள். சேறு சாம்பல் நிறத்துக்குத் திரும்பி, தூர்களுக்கு நடுவே மயிரிழைபோல் வெடிப்பு ஓடியிருந்தது. குனிந்து விரலை வைத்துப் பார்த்தேன். காலை அழுத்தினேன். குமிழி எதுவும் வரவில்லை.

“வெடிப்பு கண்டாச்சு” என்று சொல்லிக்கொண்டே அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைப்பக்கம் போனார்.